எழுநூறு லிட்டர்

வேலூர் ரோட்டில் ரிக் ஆபீஸ் மாடி.
ஹேமரும் ராடும் கிடக்கிற கிரீஸ் தரைக்கு மேலே
ஏசி போட்ட ஒரே அறை.
மேசையில் செஷல்ஸ் தீவுகளின் கடல் வரைபடம்,
சுருண்டுகொள்ளாமல் இருக்க
மூலைக்கு ஒன்றாய்த் தேய்ந்துபோன பிட்டுகள்.
நாலு கூட்டாளிகள், நாலு வீட்டுக்காரிகள்,
ஏழு ராத்திரி, ஒரு பாய்மரப் படகு.
கணக்கு எழுதுவது நான்.
பதினொரு வண்டிக்கும் நான்தான்.

படத்துக்குக் கீழே கேட்டமரான் என்று போட்டிருந்தது.
“கட்டுமரமுங்க அது” என்றாள் சாந்தாமணி.
“நம்ம வார்த்தைய நமக்கே வாடகைக்கு உடறானுங்க.”
நாள் வாடகையைப் படித்தேன்.
சிரிப்பு நின்றது.

சித்திரையில் அங்கே கடல்
எண்ணெய் ஊற்றினதுபோலப் படுத்திருக்குமாம்.
சித்திரையில் எங்கள் வண்டிகள்
ராய்ச்சூரிலும் அனந்தப்பூரிலும்
இராப்பகலாக இறங்கிக்கொண்டிருக்கும்.
ஊருக்கெல்லாம் தாகம் எடுக்கிற மாசம்தான்
எங்களுக்கு அறுப்பு.
மழை விழுந்தால்தான் கை ஓயும்.
ஆடியில் போகலாமென்றால்
தென்கிழக்குக் காற்று இருபத்தஞ்சு நாட் என்று
கேப்டன் எழுதியிருக்கிறார்.
“நாட்டுன்னா எவ்வளவுங்?”
“பல்லடத்துல காத்தாடி சுத்துமே, அத்தனை.”
“அப்பத் துணி காயும்.”

குழந்தைவேலுக்கு ஒரே கேள்வி:
அடுப்பு எத்தனை?
ரெண்டு.
குக்கரைத் துணிப்பெட்டியில் வைக்கலாம்,
அரிசிம்பருப்பு ஒரு வேளையாவது.

வரைபடத்தில் கடலெங்கும் எண்கள்.
அர்த்தநாரி விரல் வைத்துப் படித்தார்.
நாலு. மூணரை. மூணு.
“இதென்ன?”
“மீட்டர். தண்ணியோட ஆழம்.”
“மொத்தமுமா?”
மூணு மீட்டர் என்றால் பத்தடி.
ஆயிரம் அடிக்குக் குறைச்சலாகத் தண்ணீரைப் பார்த்து
வெகுகாலமான மனிதர்
அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.
“இவனுக ஊர்ல நமக்கு வேலையே இல்லீப்பா.”

அப்புறம் படிவம்.
ரத்த வகை, சர்க்கரை, பிரஷர்,
நீச்சல் தெரியுமா.
ஆம்பளைகள் நாலு கையும் மேலே போயின.
எங்கே என்று படிவம் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.
அவரவர் காட்டுக் கிணறு,
முதுகில் சுரைப்புருடை.
“கடைசியா எப்ப?”
மூணு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள்.
சென்னியப்பன் சொன்னார்:
“தொண்ணூத்தி ரெண்டு.
அந்த வருசம் கிணத்தச் சுத்தி ஏழு போர் போட்டோம்.”
போட்டோம் என்பதற்கு
எழுவாய் யாரென்று அறையில் எல்லாருக்கும் தெரியும்.
அந்தக் கூலிதான் முதல் வண்டிக்கு முன்பணம்.
‘தெரியும்’ என்று எழுதினேன்.

கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்:
நல்ல தண்ணித் தொட்டி, எழுநூறு லிட்டர்.
எட்டுப் பேர், ஏழு நாள்.
வகுத்தேன்.
ஆளுக்கு நாளைக்குப் பன்னிரண்டரை,
ஒரு பிளாஸ்டிக் குடம், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே.
“குளிக்க?”
“கடல்.”
“உப்புப் போக?”

அதுவரை வாயே திறக்காத தமயந்தி
வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னாள்:
“நான் கண்ணாலமாகி வந்தப்ப
எங்கூட்ல ஆளுக்கு அவ்வளவுதானுங்.
மூணாம் நாள் பழகிரும்.”
சென்னியப்பன் தலையைக் குனிந்து
பிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

அந்நேரம் ராய்ச்சூர் போன்.
“அண்ணா, தொள்ளாயிரம் போயாச்சு.
வெறும் புழுதி.
காட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு,
நிறுத்தட்டுமா?”
ஸ்பீக்கரில் கம்ப்ரஸர் இரைந்தது,
மேசை நடுங்குகிற மாதிரி.
அர்த்தநாரியின் ஒரு கையில் போன்,
இன்னொரு கை இன்னும் அந்தப் பத்தடியில்.

முன்பணப் பொத்தானில் அம்பை வைத்துக்கொண்டு
நானும் கேட்டேன்,
“கட்டட்டுங்களா?”

“சித்தே இரு” என்றார்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது.
போனுக்கா, எனக்கா,
கேட்க வாயெடுத்தேன்.